பதினாலாம் பலகை

ப்ளூம்ஃபொன்டைனில் மருந்துக்கடையைப் பூட்டிவந்தபின்
ஹெஸ்ட்ரி ஊஸ்ட்ஹைசன்
சமையல் மேசையில் தராசை வைப்பாள்.
பகலில் நோயாளிகளுக்கு மில்லிகிராம்,
இரவில் தோட்டாவுக்கு.
தமிழில் இரண்டுக்கும் மருந்து என்றுதான் பெயர்.
அவளுக்கு அது தெரியாது.
தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்,
சிரித்தால் முள் ஆடுமே என்று
பாதியில் அடக்கியும் இருப்பாள்.

ஏப்ரலில் பிடித்த யோசனை.

கையிலிருந்த முந்நூற்றெட்டு
பழகிய மாடு. சொன்னால் கேட்கும்.
ஐயாயிரம் முறை சுட்டாலும் குழல் சலிக்காது.
ஆனால் தொள்ளாயிரம் மீட்டர் போவதற்குள்
சுமாரான ஒரு குறுக்குக்காற்று
அதை இரண்டு மீட்டருக்கு மேல்
ஓரங்கட்டிவிடும்.

ஆறரையைப் பார்த்தாள்.
ஒல்லியான நீண்ட குண்டு,
காற்றுக்குத் தெரியாமல் நழுவிப் போவது.
"எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது" என்றாள்,
கல்யாண வீட்டில்
தன் சேலையையே இன்னொருத்தி உடுத்தியிருக்கக் கண்டவளாக.

மிஞ்சியது இருநூற்றெண்பத்துநாலு.
கனமான குண்டு, நல்ல வேகம்,
தோளில் ஒரு குத்து.
இரண்டாயிரம் சுட்டால் குழல் தீர்ந்துவிடும்.
ஃபானி காகிதத்தில் பெருக்கினான்:
ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் இருப்பது
நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் கொஞ்சமும்.
மொத்த ஆயுசு மூன்று நொடிகூட இல்லை.
"மூன்று நொடி உழைக்கும் சாமானுக்கு
ஃப்ரிட்ஜ் விலையா?"
"ஃப்ரிட்ஜ் காற்றை வெட்டுமா?"
அத்தோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் மே, ஜூன், ஜூலை.
பித்தளைக் கூடுகளின் கழுத்தைச் சீவினாள்.
குண்டுகளை ஒவ்வொன்றாய் எடைபோட்டாள்.
தேறாதவை பழைய ஜாம் பாட்டிலுக்குள் விழுந்தன,
டங், டங்,
ஃபானி தலையணையால் காதை மூடிக்கொண்டான்.
ஒரு மயிரிழை உள்ளே,
ஒரு மயிரிழை வெளியே,
ஐந்து ஐந்தாய்ச் சுட்டுப்பார்த்து
ஒரு எண்ணில் வந்து நின்றாள்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் சனிக்கிழமை.
புல் வைக்கோல் நிறம், செம்மண் பறக்கிறது.
கொடிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத சம்பந்திகள்.
அவளுக்குப் பதின்மூன்றாம் பலகை.
பக்கத்துப் பாயில் மொட்லாட்சி,
ரயில்வே சிக்னல் பழுதுபார்ப்பவன்,
பதினாலாம் பலகை, பழைய முந்நூற்றெட்டு.

பதினொரு குண்டும் நடுவட்டம்.
பின்னால் யாரோ நாற்காலியை
இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்கள்.

காற்று திரும்பியது.
கண்ணை எடுத்துக் கொடியைப் பார்த்தாள்,
கானலைப் பார்த்தாள்,
நோட்டில் ஒரு கோடு,
இரண்டு சொடுக்கு வலப்பக்கம்,
மறுபடி கன்னத்தைக் கட்டையில் சாய்த்து
காத்திருந்து, காத்திருந்து
விட்டாள்.

ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

பதின்மூன்று அசையவில்லை.
பதினாலு இறங்கியது.
ஏறி வந்தபோது அதில் இரண்டு துளை:
ஒன்று விளிம்போரம்,
ஒன்று நட்டநடு.

ஏழு மில்லிமீட்டருக்கும் ஏழரைச் சொச்சத்துக்கும்
காகிதத்தில் வித்தியாசம் தெரியாது.
நாலு மாதம் அவள் தூங்காமல் பார்த்த வித்தியாசம்.
சட்டப்படி இரண்டில் நல்லது பலகைக்காரனுக்கு.
அவளுக்குப் பூஜ்யம்.

அம்பை நோக வழியில்லை.
அம்பு போன இடத்தில் குற்றமே இல்லை.

மிச்சம் எட்டையும் சுட்டாள்,
எண்ணை உரக்கப் படித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி:
பதின்மூன்று. பதின்மூன்று.

மொட்லாட்சிக்கு மூன்றாம் இடம்.
கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்.
மன்னிப்பு கேட்பான் என்று நினைத்தாள்.
"உன் குண்டு நல்ல குண்டு" என்றான்.
"என்ன மருந்து, எவ்வளவு?"

ஃபானிக்கும் சொல்லாத எண்ணைச் சொன்னாள்.
மதிப்பெண் அட்டையின் பின்புறம்
அவள் பேனாவை வாங்கியே எழுதினான்.
"குழல் எத்தனை நாள் வரும்?"

"மூன்று நொடி."

அதையும் எழுதிக்கொண்டான்.